ஆற விடாத புண்

மருமகள் செத்துக் கிடந்தாள்.

காலை ஏழரை. குளியலறை வாசல். மூளையில் ரத்தக்கட்டி... விழுந்த மாத்திரத்தில் கதை முடிந்திருந்தது.

முதலில் பார்த்தது மாமியார். ஓய்வு பெற்ற நர்ஸ். அலறவில்லை. நாடி பார்த்தாள். பிறகு மகனை எழுப்பினாள்.

மாலை நான்கு மணி.

பிணவறையை ஒட்டிய சிறிய அறை. மேஜைக்கு இந்தப் பக்கம் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரும் பெண் இன்ஸ்பெக்டரும். அந்தப் பக்கம் மாமியார்.

"அவளுக்கு ரத்தம் உறையற வியாதி, டாக்டர். அவ உடம்பே அவளுக்கு எதிரி. மூணு கரு கலைஞ்சதும் அதனாலதான். தினம் ஊசி... நானே போட்டேன். ஒருநாள் தவறல."

"தெரியும். ரத்தத்துல மருந்து சரியாவே இருக்கு."

"அப்புறம் என்ன? விதி."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த வியாதி வருஷக்கணக்கா சும்மா கிடக்கும்மா. உசுப்பி விடறது வெள்ளை அணுக்கள். கிருமி நுழைஞ்சா முதல்ல ஓடி வர்ற காவல்காரங்க. கிருமியைப் பிடிக்க வலை வீசுவாங்க. இவ மாதிரி உடம்புல, அந்த வலையிலயே ரத்தம் உறைஞ்சுடும். ஊசியும் தாங்காது."

"கிருமி எப்படி..."

"கால் புண் வழியா."

"அதுக்கு நான்தானே தினம் கட்டுப் போட்டேன்? பெத்த தாய்கூட இப்படிப் பார்த்துக்க மாட்டாள்னு தெருவே சொல்லும்."

இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் பையை மேஜை மேல் வைத்தார்.

"அவ கால்ல இருந்த கட்டு. வெளியே புதுத் துணி. உள்ளே இருபது நாள் பழைய சீழ்ப் பஞ்சு. முப்பது வருஷம் நர்ஸா இருந்த கைக்கு இது மறந்துபோச்சா?"

மாமியார் பார்வையைத் தாழ்த்தினாள். இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"சின்னக் காயத்தைக்கூட அலட்சியம் பண்ணாதீங்கன்னு அவ டாக்டர் உங்ககிட்டதானே சொன்னார்?"

மாமியார் நிமிர்ந்தாள். கண்ணில் ஈரமில்லை.

"ஆமா. எட்டு வருஷம் பொறுத்தேன். என் பையனுக்கு ஒரு வாரிசு வேணாமா? இவ போனாத்தானே இன்னொருத்தி வருவா? ஊசியை நிறுத்தினா ரத்தத்துல தெரிஞ்சுடும்; புண்ணை யார் பார்ப்பா? வலிக்குதுன்னு அழுதா. ஆறப்போற புண்ணு அப்படித்தான் வலிக்கும்னேன். நம்பிட்டா... 'தேங்க்ஸ் அத்தை'ன்னா."

டாக்டர் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"மூணு கருவும் எட்டு வாரம் தாண்டல. இப்ப வயித்துல இருந்த நாலாவது, பதினாலு வாரம். நீங்க போட்ட ஊசி வேலை செஞ்சிருக்கு. ஸ்கேன் சீட்டு அவ கைப்பையில இருந்தது. இதுவும் தங்காம போனா உங்க வாயில விழணுமேன்னு பயந்து வீட்ல யார்கிட்டயும் சொல்லலன்னு ஸ்கேன் பண்ண டாக்டர் சொன்னாங்க."

மாமியார் ரிப்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஜீப் படி கொஞ்சம் உயரம். பார்த்து ஏறுங்க, பாட்டி."