கழலாத சாலை

காலையில் எழுந்ததும் ஜெசிந்தா வாசல் கண்ணாடிச் சன்னலில் போய் நிற்பாள். சாலை தன் வீட்டுக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடலின் அடித்தட்டில் இருக்கிற ஆழியூரில் எல்லாருக்கும் அதுதான் முதல் வேலை. பல் தேய்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்த ஊரில் நிலையான சாலை கிடையாது. உயிரணுவுக்குள் நுண்குழல்கள் செய்கிற வேலையைப் பார்த்துக் கட்டிய ஊர். நடுவில் மையக்கூடு. அங்கிருந்து இரட்டைக் கற்கள் தாமாக ஒன்றோடொன்று ஒட்டி, பதின்மூன்று வரிசைகள் வட்டமாகச் சேர்ந்து, ஆள் நடக்கிற குழலாக வளரும். வெளிச்சுவரில் நடையன் இயந்திரங்கள் பொதி சுமந்து இரண்டு காலால் எட்டு வைத்துப் போகும். குழலின் நுனி தண்ணீரில் துழாவிக்கொண்டே வந்து ஏதாவது ஒரு கதவில் முட்டும். கதவு பிடித்துக்கொண்டால் நிற்கும். இல்லையென்றால் வாழைப்பழத் தோல் மாதிரி வரிவரியாக உரிந்து கழன்றுவிடும். உள்ளே ஆள் இருந்தால் மட்டும் கழலாது, அந்த அளவுக்குப் புத்தி உண்டு. கழன்ற கற்கள் மையத்துக்குத் திரும்பி இன்னொரு வீட்டுக்குச் சாலையாகும். நடமாட்டம் அதிகமுள்ள கதவில் கூடுதலாகத் தங்கும்.

ஜெசிந்தாவுக்கு வயிறு எரிந்ததே அதில்தான். எதிரே, கண்ணாடிக்குக் கண்ணாடி தெரிகிற தூரத்தில், அவள் கொழுந்தன் மனைவி எஸ்கலினின் வீடு. என்ன சொக்குப்பொடி போட்டாளோ, சாலை அந்த வாசலை விட்டு நகராது. ஊர்ப் பிள்ளைகள் பாதி அங்கேதான் கிடக்கும். ஜெசிந்தாவின் வீட்டுக்காரர் மேலே கப்பலில் வேலை, வருடத்துக்கு ஒருமுறை தலைகாட்டுவார். அவளுக்கென்று இருந்தது ஏழு வயது பெனிட்டா மட்டும். அவளும் மையத்துப் பள்ளி விட்டால் நேரே சித்தி வீடு. தலையில் புதுப் பின்னல், வாயில் பணியார வாசம். பிள்ளை பெறாதவளுக்கு இவ்வளவு பிள்ளைப் பாசம் எங்கிருந்து வந்தது என்று ஜெசிந்தா மனசுக்குள் கருவுவாள். அது அநியாயமான நினைப்பு என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் நினைத்தாள்.

"அக்கா, புள்ள இங்ஙனயே தூங்கிட்டா. நாளைக்கு ரோடு உங்க பக்கம் வந்ததும் அனுப்புதேன்," என்று எஸ்கலின் பேசியில் சொல்லும்போதெல்லாம் இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சித்தி வீட்ல ஒரே சிரிப்பா இருக்கும்மா," என்பாள் பெனிட்டா.

"இங்க என்ன, அழுதுகிட்டா இருக்கோம்?"

ஒருநாள் பெனிட்டா பள்ளியில் இருந்தபோது சாலை இவள் கதவில் முட்டியது. ஜெசிந்தா அலமாரியைத் திறந்து, கதவுக் கசிவை அடைக்க வைத்திருக்கும் இறுக்குப்பசையை எடுத்தாள். சாலையில் அதைத் தடவக் கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். இழைத்து இழைத்துத் தடவினாள். இனி எங்கே போவாய், பார்க்கிறேன் என்றாள், சாலையிடமோ மகளிடமோ.

பெனிட்டா அன்றைக்கும் சித்தி வீட்டுக்குத்தான் போனாள். அங்கே இன்னொரு சாலை நின்றிருந்தது. சாயங்காலம் அது வழக்கம்போலக் கழன்றது. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மையத்திலிருந்து பொறியாளர் கூப்பிட்டார். "உங்க கதவக் கொஞ்சம் விட்டுருங்கம்மா. கல்லு பத்தல."

"விட்டுட்டேன் சார். அதுதான் கழல மாட்டேங்குது."

"பசை போட்டீங்களா?"

பொய் சொல்ல வாயெடுத்தவள், "ஆமா," என்றாள்.

நுனியில் தடவிய பசை கல்லுக்குக் கல் ஊறி மையக்கூடு வரை இறங்கி, அங்கே காத்துக் கிடந்த கற்களையும் கட்டியாக்கிவிட்டது. அவர் திட்டவில்லை, விளக்கம் மட்டும் சொன்னார். கழன்றால்தான் மறுபடி கட்ட முடியும். மிச்சமிருக்கும் கல் ஆஸ்பத்திரிக்கும் மூச்சுக்காற்று ஆலைக்குமே சரியாக இருக்கும். புதுக்கல் மேலிருந்து வர வேண்டும், மழைக்காலம் முடியாமல் கப்பல் வராது.

வீட்டுக்கு வீடு காற்றும் தோட்டமும் இருந்ததால் யாருக்கும் பட்டினி இல்லை. ஆனால் அந்த ஆழத்தில் குழல் இல்லாமல் வெளியே கால் வைத்தால் உடம்பு நசுங்கிவிடும்.

"எம்புள்ள மாதிரி பாத்துக்கிடுதேன், நீங்க கலங்காதீங்கக்கா," என்றாள் எஸ்கலின். அவள் மனசில் கள்ளம் இல்லை. இவளுக்கு அதற்குப் பதில் நாலு வசவு வாங்கியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பெனிட்டா முதலில் தினமும் அழுதாள். "ஒங்க வாசல்ல ரோடு நிக்குதுல்ல, நீங்க வரவேண்டியதான?" என்று கேட்டாள். அந்தச் சாலை மையம் வரைக்கும்தான் போகும் என்று ஜெசிந்தா சொல்லிப் பார்த்தாள். பிறகு அழுகை குறைந்தது. பிறகு, "அம்மா, அப்புறம் பேசுதேன், சித்தி தோச ஊத்திட்டாங்க," என்று வைத்துவிடுவாள். எதிர்க் கண்ணாடியில் எஸ்கலின் தலை பின்னிவிடுவது தெரியும். ஜெசிந்தா பார்க்கக் கூடாது என்று திரையை இழுப்பாள், பிறகு விலக்கிப் பார்ப்பாள். பொறாமைப்பட இப்போது அவளுக்கு நிஜமான காரணம் இருந்தது. கொடுத்தது அவளேதான்.

மழை ஓய்ந்து புதுக்கல் வந்தது. முதல் சாலை எஸ்கலின் வீட்டுக்குப் போட்டார்கள். ஜெசிந்தா மையம் வழியாக ஓட்டமும் நடையுமாகப் போய் மகளைக் கட்டிக்கொண்டாள். பெனிட்டாவும் கட்டிக்கொண்டாள். எஸ்கலின் பணியாரம் கட்டிக் கொடுத்தாள். வழியெல்லாம் பிள்ளை நல்லபடியாகப் பேசிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்தாள். சுற்றிப் பார்த்தாள்.

"அம்மா, தண்ணி எடுத்துக்கிடட்டுமா?"

"என்னட்டி இது, கேக்கணுமா?" என்றாள் ஜெசிந்தா. தானே போய் மொண்டு கொடுத்தாள்.

பெனிட்டா குடித்தாள். டம்ளரைக் கழுவினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.