போறணைச் சூடு

ஜவாதுக்கு முகம் எரிந்தது. நெற்றியும் கன்னமும் நெஞ்சும், நாள் முழுக்கப் போறணை வாயில் நின்று பாண் சுட்டவனுடையவை போலக் காந்தின. இன்று அவன் கொட்டாஞ்சேனையிலுள்ள தன் பேக்கரிக்குப் போகவேயில்லை. வெளியே பின்னேரத்து மழை. கடற்காற்று அவனுடைய வெள்ளவத்தை வீட்டின் யன்னல் சீலையைத் தூக்கித் தூக்கி அடித்தது. முதுகு மட்டும் குளிர்ந்து கிடந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். சூடும் சுவர்ப்பக்கம் வந்தது.

"ஹிபா, குளிர்தண்ணி கொண்டாங்க மகள்."

ஒரு கையில் தண்ணியும் மறு கையில் போனுமாக மகள் வந்தாள். "வாப்பா, இதப் பாருங்களே. சூரியனுக்குக் கிட்டப் போற ரொக்கட். முன்னுக்கு ஒரு தட்டு இருக்காம், அது நெருப்பாக் கொதிக்குமாம். பின்னுக்கு இருக்கிற சாமானெல்லாம் நம்மட ரூம் மாதிரிக் கூலா இருக்குமாம்."

"அப்ப அந்தத் தட்டு?"

"அது அதுக்குத்தானே வாப்பா!" சிரித்துக்கொண்டே போனாள்.

பேக்கரி வேலையாள் சின்னராசாவும் அதற்குத்தான் என்று ஜவாத் நினைத்திருந்தான். போறணையின் உட்கூரையில் கல் கழன்றால், போறணை முழுதாக ஆறும்வரை ஜவாத் பொறுப்பதில்லை. வேலையாள் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே ஊர்ந்து போவான். காலில் கயிறு. காலை உதறினால் வெளியே நிற்பவன் இழுக்க வேண்டும். போன கிழமை உள்ளே போனவன் சின்னராசா, கயிற்றைப் பிடித்திருந்தவன் ஜவாத். கால் உதறியது. "கல்ல வச்சிட்டு வாடா, பாண் பிந்துது," என்றான். மறுபடி உதறியது. பிறகு உதறவில்லை.

செத்த வீட்டில் சின்னராசாவின் மனைவி பழனியம்மா அழாமல் கேட்டாள்: "மொதலாளி, கயித்த ஏன் இழுக்கல?"

"கயிறு எரிஞ்சு போச்சு. நான் என்ன செய்ய?"

"அவரு கால்ல இருந்து நான்தான் அவுத்தேன். முழுசா இருந்திச்சி." அவனை நேராகப் பார்த்தாள். "சரி மொதலாளி. அவரே வந்து கேக்கட்டும்."

அறைக்குள் நனைந்த சணல் வாடை எழுந்தது. கூடவே கருகிய கோதுமை மா. ஜவாத் எழுந்து கதவைப் பார்த்து நின்றான். சூடு கதவிலிருந்து வந்தது. யன்னலைப் பார்த்தான், மழைக்குள்ளிருந்து வந்தது. புருவ மயிர் பொசுங்கியது. முதுகுக்குப் பின்னால் தரையில் நீர் சொட்டும் சத்தம். ஏதோ ஒன்று ஈரமாக அவன் முதுகோடு ஒட்டியது. ஒடுங்கியது. ஆறுதலாக மூச்சு விட்டது.

"சின்னராசா?"

"அசையாதீங்க மொதலாளி. ஒங்களுக்குப் பின்னால சொகமா இருக்கு."

கயிற்றைப் பிடித்தும் இழுக்காதது நான்தான் என்று கத்த வாயெடுத்தான். உதடுகள் ஒட்டிப்போயிருந்தன. எதிரே அலுமாரிக் கண்ணாடி. அதில் அவன் முகம் பொன்னிறமாகி, பழுப்பாகி, மேல்தோல் உப்பி வெடித்தது. அவன் தோளுக்கு மேலால், நனைந்த சாக்குக்குள்ளிருந்து, சூடு படாத இரண்டு கண்கள் அதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

பழனியம்மாவுக்கு ஜவாத் ஒரு புருஷனைக் கடன்பட்டிருக்கிறான். இது அந்தக் கடனில் கழியாது.