முந்நூற்றுப் பன்னிரண்டு ‘சரிங்கம்மா’

ஆஸ்பத்திரிச் சுவரிலிருந்த நம்பிக்கைமானி கூசாமல் சொன்னது: “சண்முகக்கனி. மருத்துவர் மன்றத்துக்கு இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்குகள்.”

“நான் எப்பம்மா ஓட்டுப் போட்டேன்?” என்று சண்முகக்கனி கத்தினாள்.

டாக்டர் ஹெலன் தயங்கினார். “நான் உங்களுக்கு மருந்து எழுதும்போதெல்லாம் ‘சரிங்கம்மா’ன்னு சொன்னீங்கல்லா? அதுதான்.”

சுகாதாரத்துக்குத் தேர்தல் எதற்கு என்று இந்தக் கருவியை மாட்டிப் பத்து வருஷம் ஆகிறது. நோயாளியின் குரலையும் நாடியையும் எட்ட இருந்தே அளந்து, அவர் டாக்டரை நம்புகிறாரா என்று பார்க்கும். நம்பினால் மன்றத்துக்கு ஒரு வாக்கு. எந்த ஊரில் எதை மூடுவது என்பது அப்புறம் மன்றத்தின் இஷ்டம். இப்போது இந்த ஊர் டயாலிசிஸ் பிரிவை மூடப்போகிறார்களாம். வாரம் மூன்று முறை அறுபது கிலோமீட்டர் போய்வர அவள் கணவர் நயினாருக்குத் தெம்பு கிடையாது. இன்று ஐந்து மணிக்குள் நூறு பேர் ஆட்சேபித்தால் பிரிவு தப்பும். தொண்ணூற்றொன்பது பேர் ஆட்சேபித்துவிட்டார்கள்.

“உங்க மருந்த நம்புதேன். அவருக்கு ஊசி குத்துற உங்க கைய நம்புதேன். அதுக்காக ஆஸ்பத்திரிய இழுத்து மூடுங்கன்னு சொன்னேனா? வைத்தியம் படிச்சா, நாங்க பஸ் ஏறுற பாடும் தெரிஞ்சிருமா?”

“ரெண்டு நம்பிக்கையும் கருவிக்கு ஒண்ணுதான், கனி.”

“அதச் செஞ்சவன் மண்டையில என்னதான் இருந்துச்சு?”

உள்ளங்கையைக் கருவியில் ஓங்கிப் பதித்தாள். “உங்க மன்றத்த நான் நம்பல!”

சிவப்பு விளக்கு எரிந்தது. ஆட்சேபம் நூறு. இன்னும் ஒரு நிமிஷம் மிச்சம். வெளியே காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத உடம்பு. கத்திய கத்தலில் அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் ஓடிவந்து தோளைத் தாங்கினார்.

“உக்காருங்க கனி. மூச்ச மெதுவா விடுங்க. ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்.”

வருஷக்கணக்காகக் கேட்ட குரல். அவள் உட்கார்ந்தாள். மூச்சை விட்டாள். படபடப்பு அடங்கி நாடி இறங்கியது. விளக்கு பச்சையாக மாறியது.

“பிந்தைய நம்பிக்கையால் முந்தைய ஆட்சேபம் ரத்து” என்றது நம்பிக்கைமானி. “மணி ஐந்து. நன்றி.”

“அது ஓட்டு இல்ல, மயக்கம்!” டாக்டர் ஹெலன் கருவியைக் கையால் குத்தினார். “அவங்க மயங்கி விழப்பாத்தாங்க! நான் சொல்றேன், நான் டாக்டர்!”

நோயாளிகளின் குரலை மட்டுமே கேட்கும்படி அதைச் செய்திருந்தார்கள்.