கம்பிவலைக்கு வெளியே

சீப்பு சுத்தமாக இருந்தது. பற்களுக்கிடையே எப்போதும் சுருண்டு கிடக்கும் முடியும் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. நக்கித் துடைத்து வைத்ததுபோல் குளியலறை அலமாரியில் பளிச்சென்று கிடந்தது. மனைவிக்கு அவ்வளவு பொறுப்பு வர வாய்ப்பே இல்லை என்று அவருக்குத் தெரியும். பக்கத்தில் எச்சம் ஒன்று கிடந்தது.

எச்சத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார் அவர். தானியக் கிடங்கின் மேலாளர். காப்பித்தூள் சிந்தியதுபோல் இருந்தால் கரப்பான், நுனியில் வெள்ளை இருந்தால் பல்லி, இரு முனையும் கூராக இருந்தால் சுண்டெலி. இது எதிலும் சேரவில்லை. தீக்குச்சியால் கிளறினார். உள்ளே முடி. நுனி கறுப்பு, அடி நரை. அந்த வீட்டில் தலைக்குச் சாயம் பூசுபவர் அவர் ஒருவர்தான்.

"என்னங்க, எலியா?" மனைவி கதவருகே வந்து நின்றாள்.

"உனக்கு ஊர்றதெல்லாம் எலி, பறக்கிறதெல்லாம் கொசு. போய் வேலையப் பாரு."

பொறி வைத்தார். வறுத்த நிலக்கடலை, ரொட்டித்துண்டு, மருந்துக் கட்டி, எதையும் அது மோந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய சட்டைகளின் கழுத்துப்பட்டை, வேர்வை ஊறிய இடமாகப் பார்த்து, அரைவட்டமாகக் காணாமல் போயிருந்தது. பல்துலக்கியின் தூரிகை மொட்டையாகியிருந்தது. தலையணையில் அவர் கன்னம் பதியும் இடத்தில் பஞ்சு பிதுங்கியது.

"உங்களுதை மட்டுந்தாங்க கடிக்குது," என்றாள் அவள். "என் புடவை பக்கத்துலயேதான் தொங்குது. தொடல."

"அதுக்காவது ரசனை இருக்கே."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அன்று மாலை, அவள் பார்க்காத நேரத்தில், தன் சட்டைகளை அவள் புடவைகளுக்கு நடுவே மாற்றி மாட்டினார். காலையில் புடவைகள் மட்டும் முழுதாக இருந்தன.

பசை அட்டை விரித்தார். யானையே மிதித்தாலும் காலை எடுக்க முடியாது என்று கிடங்கில் எல்லோரிடமும் பீற்றிக்கொள்ளும் சரக்கு. மறுநாள் அட்டை கூடத்தின் நடுவில் கிடந்தது. ரோமம் இல்லை. வால் இல்லை. வெளிறிய, ஈரமான தோல் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உரிந்து ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தார். தோலில் மெல்லிய கோடுகள், விரல் நுனியில் சுழிக்குமே, அதுபோல். அட்டையைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியின் அடியில் திணித்தார். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் தம்பியைக் கூப்பிடுகிறேன் என்பாள். அவள் தம்பி! தண்டச்சோறு. பல்லியைப் பார்த்து ஒதுங்கி நடக்கிற வீராதிவீரன்.

பிறகு சாமான் அறையில் வாடை வந்தது. செத்த எலி நாற்றத்தையோ வௌவால் மூத்திரத்தையோ அவர் ஒரு மூச்சில் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் பரணிலிருந்து சூடாகவும் புளிப்பாகவும் இறங்கி, தூசியோடும் பழைய கோணிகளின் மக்கலோடும் கலந்து அவர் முகத்தில் வந்து படிந்தது, கோடையில் நாள் முழுக்க நடந்துவிட்டு வந்து கழற்றிப்போட்ட அவருடைய பனியனின் வாடை. அந்த அறைக்குள் அவர் வந்தே பல வாரம் ஆகியிருந்தது.

பரணின் காற்றுச் சாளரத்துக்குக் கீழே, வெளிச்சுவர் ஓரமாகத் தரையில் மாவு தூவி வைத்தார். மதியம் மழை இருட்டிக்கொண்டு வந்தபோது போய்ப் பார்த்தார். தடம் சுவரை விட்டு வெளியே போயிருந்தது. திரும்பி வரவில்லை. எலிக்கு முன்னங்காலில் நாலு விரல்தான் பதியும். இதில் ஐந்து. ஐந்தாவது மற்ற நாலையும் விட்டு விலகிப் பக்கவாட்டில் நின்றது.

அவர் காலால் மாவைக் கலைத்தார்.

வெளியே போயிருக்கும்போதே அடைத்துவிட வேண்டும். உள்ளே குட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டையை அடைத்த ஆட்களை அவர் கிடங்கில் முட்டாள்கள் என்று திட்டியிருக்கிறார்; தாய் சுவரையே பேர்த்துவிடும். ஆனாலும் அந்த வாடைக்குள் தலையை நுழைக்க அவரால் முடியவில்லை. வெளிப்பக்கம் ஏணி போட்டு, சாளரத்தில் கம்பிவலை வைத்து ஆணி அடித்தார். நன்றாக, அழுத்தமாக.

ஏணியை உள்ளே கொண்டுவந்து சாய்க்கும்போதே பரணில் அழுகை கிளம்பியது. கீச்சொலி இல்லை. கம்மிய, உடைந்த, பசித்த குரல். ஒன்று. பிறகு பல.

அதற்குள் மனைவி தம்பியை அழைத்துவிட்டிருந்தாள். அவன் நனைந்துகொண்டே வந்து நின்றான்.

"அத்தான், பேசாம மருந்தடிக்கிறவங்களைக் கூப்பிட்டுடலாம்."

"ஏணியையாவது ஒழுங்காப் பிடிப்பியா, அதுக்கும் ஆள் கூப்பிடணுமா?"

"என்னங்க, வேணாங்க," என்றாள் அவள். "சத்தமே சரியில்ல."

அவர் ஏறினார். அவமானம்தான் அவரை ஏற்றியது. பரண் கதவைத் தள்ளி, தோள்வரை உள்ளே நுழைந்து, கைபேசி விளக்கை அடித்தார்.

கூடு. சட்டைத் துண்டுகள், தலையணைப் பஞ்சு, நகத் துணுக்குகள், எல்லாவற்றையும் முடியால் பின்னிப் பின்னிக் கட்டிய வட்டமான, மெத்தென்ற கூடு. அதற்குள் இளஞ்சிவப்பாக, மயிரில்லாமல், கண் திறக்காமல் நெளிந்தன. எலிக்குட்டிகள்தான். எலிக்குட்டிகள்தான் என்று சொல்லிக்கொண்டார்.

காது இருந்தது. மனிதக் காது. மடல் தொங்காமல் தாடையோடு ஒட்டிய காது. அவர் அப்பாவுக்கு அப்படித்தான். அவருக்கும்.

"அத்தான்? என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

அவர் குரல் கேட்டதும் அழுகை நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின. வாய்கள் திறந்தன.

பின்வாங்கப் பார்த்தார். ஒன்று மணிக்கட்டில் ஏறிவிட்டது. வாய் வைத்தது. வலிக்கவில்லை. வெதுவெதுப்பு. இன்னொன்று. சட்டைக் கைக்குள் ஒன்று. உறிஞ்சும் ஓசை. கை மரத்தது. தோள் மரத்தது. நாக்கு எழவில்லை.

கம்பிவலையில் பிறாண்டல்.

ஆணி ஒன்று கழன்று விழுந்தது. இன்னொன்று. வலை வளைந்தது. மழை வாடை. ஒரு கை வந்தது. வெளிறிய, நீண்ட கை. நடுவிரல் நுனியில் தோல் இல்லை.

அது குட்டிகளை ஒவ்வொன்றாகத் தடவியது. அவற்றைத் தடவி முடித்து, அவர் தலைக்கு வந்தது. அவசரமே இல்லை. பின்மண்டையில் உள்ளங்கையை வைத்து, வழி தப்பிய குட்டியைத் தள்ளுவதுபோல், கூட்டின் நடுவே மெல்ல அழுத்தியது.

"அத்தான்? ஏணிய விடட்டுமா?"

ஏணிப்படியை விட்டு அவர் கால்கள் எழும்பின.