டேட்டா மட்டும்

ஒரே ஒரு மணி அடித்துவிட்டுப் போன் நின்றது. குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு வந்து அவள் எடுத்துப் பார்த்தாள். தவறிய அழைப்பு ஒன்று. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'பயணம்' என்று இருந்தது. கூப்பிட்டவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

அந்த லைனுக்கு அழைப்பு வரவே முடியாது.

வெளிநாட்டுக்குக் கிளம்புவதற்கு முன் இ-சிம் போட்டுக் கொடுத்த கடைக்காரர் தெளிவாகத்தான் சொன்னார். "மேடம், இதுல டேட்டா மட்டும்தான். வாட்ஸ்அப், மேப், மெயில் எல்லாம் ஓடும். ஆனா நம்பரே கிடையாது. சாதா போன்ல இருந்து யாரும் உங்களைக் கூப்பிட முடியாது."

"அப்பாடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

கடைக்காரர் சிரித்தார். "வீட்டுல தொல்லை ஜாஸ்தியோ?"

அவளும் சிரித்தாள். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புதான் உறுத்துகிறது. இரண்டு லைனுக்கும் பெயர் கொடுக்கச் சொல்லிப் போன் கேட்டது. பழையதற்கு 'வீடு', புதியதற்கு 'பயணம்'. பழைய எண்ணுக்கு ரோமிங் போட்டுக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர். அவள் போடவில்லை. விமானத்தில் பெல்ட்டை மாட்டியதும் 'வீடு' என்ற லைனை ஒரு தட்டுத் தட்டி அணைத்தாள். அம்மாவிடம் முன்கூட்டியே ஒரு பொய்யும் சொல்லி வைத்திருந்தாள். "அந்த ஊர்ல நம்ம நம்பர் எடுக்காதும்மா. நானே கூப்பிடுறேன்." வந்து இறங்கிய அன்று எதிர்வீட்டு அக்காவின் போனில் ஒரு தரம் பேசியதோடு சரி.

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவாள், மகள்தான் திருப்பிக் கூப்பிட வேண்டும். "பாப்பா, யாரோ கதவைத் தட்டுறாங்க. திறக்கவா?" நாற்பதைத் தாண்டியும் அவள் பாப்பாதான். பால்காரர், கேஸ்காரர், கூரியர் என்று காலையிலிருந்து இதே பாட்டு. வேலைக்குப் போன ஆய்வகத்தில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த மணி அடித்தால் அவளுக்கு மானம் போகும். ஆனால் அந்தச் சட்டத்தைப் போட்டதே அவள்தான். அம்மாவுக்குப் பார்வை மங்கிய பிறகு, "யாரா இருந்தாலும் சரி, என்னைக் கேக்காம கதவைத் திறக்கக்கூடாது" என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். கேட்கச் சொன்னவள் கேட்கும் வழியை அடைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஹோட்டல் அறையில் ஹீட்டர் மெல்ல இரைந்தது. சலவை செய்த விரிப்பின் வாசனை, யாரோ எப்போதோ பிடித்த சிகரெட்டின் மிச்சம், அவள் தலையிலிருந்து கம்பளத்தில் சொட்டும் நீரின் ஈரவாடை. ஜன்னலுக்கு வெளியே மழை. பிற்பகல்தான், ஆனாலும் விளக்குப் போட்டால்தான் சுவர் தெரிந்தது. அங்கே அம்மாவுக்கு இது நடுராத்திரி.

மறுபடி ஒரு மணி. நின்றது.

பயணம்.

அம்மா அடிக்கிற மாதிரியேதான் இருந்தது.

எதிர்வீட்டு அக்கா காலையில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்று கேட்கப்படாமல் கிடந்தது. அக்கா ஆரம்பித்தால் ஊர்க்கதை எல்லாம் வரும் என்று தள்ளிப் போட்டிருந்தாள். இப்போது தட்டினாள்.

"பாப்பா, அம்மா உன் நம்பருக்குப் போட்டுப் போட்டு ஓஞ்சே போயிட்டாங்க. அணைச்சு வெச்சிருக்குன்னே வருதாம். நீ ஊருக்குத் திரும்பிட்டியான்னு என்னைக் கேக்குறாங்க. ராத்திரியில வாசல்ல நின்னு நீ பேசுறியாம்! என்னமோ, ஊசியெல்லாம் கழுவியாச்சு சார், நாளைக்குப் புது ரத்தம் வேணும்னு..." அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். "கனவுதான், வேற என்ன? ஆனா நீ போன்ல சொல்லாம கதவைத் திறக்க மாட்டேன்னு ஒரே பிடியா உக்காந்திருக்காங்க. நான் பொண்ணு வீட்டுக்குக் கிளம்புறேன். நீ ஒரு வார்த்தை பேசிடு, கண்ணு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனைக் கருவியைப் பொருத்தி, அதை ஓட்டச் சொல்லித் தருவது அவள் வேலை. தினமும் அறைக்குத் திரும்பியதும் மேனேஜரிடம் வாட்ஸ்அப்பில் ஒப்பிப்பாள். நேற்று இதே கட்டிலில் உட்கார்ந்து, இதே இ-சிம்மில், அவள் சொன்ன வார்த்தைகள் அவை. ஊசியெல்லாம் கழுவியாச்சு சார். நாளைக்குப் புது ரத்தம் வேணும்.

'வீடு' லைனைத் திரும்பப் போட்டாள். வட்டம் சுற்றிச் சுற்றி, 'சேவை இல்லை' என்றது. வாட்ஸ்அப்பில் அக்காவுக்கு அடித்தாள், போகவில்லை. இணையத்திலிருந்து சாதா போனுக்குப் பேசும் செயலி ஒன்றை அவசரமாக இறக்கினாள். அது ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னது. எந்த எண்ணுக்கு? அவள் அணைத்த எண்ணுக்கு. 'பாவி, ஒரு தட்டுல பெத்தவளை வாசலுக்கு வெளிய தள்ளிட்டியேடி' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

போன் அடித்தது. இந்தத் தடவை நிற்கவில்லை.

பயணம்.

எடுத்துக் காதில் வைத்தாள். வீட்டு மின்விசிறியின் டக் டக். அம்மாவின் இளைப்பு.

"பாப்பா? லைன் கெடைச்சிருச்சா? ஒண்ணும் கேக்கலையே. ஹலோ?"

"அம்மா!"

போனுக்குள், தூரத்தில், மரக்கதவுக்கு அப்பால், அவள் குரலே கேட்டது.

'அம்மா!'

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இதோ, கூப்பிடுறா பாரு" என்றாள் அம்மா. "போன்ல சத்தமே வரல. வாசல்லதான் கேக்குது. நீதானா பாப்பா அது? சொன்னாத்தான் திறப்பேன். நீதானே கேக்கச் சொன்னே?"

பேசக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. பேசாமல் எப்படி இருப்பது? செருப்புச் சத்தம் கதவை நோக்கிப் போகிறது. மேல் தாழ்ப்பாள் கரகரக்கிறது. பெற்ற தாய் தனியாக, கண் தெரியாமல், ஏதோ ஒன்றுக்குக் கதவைத் திறக்கப் போகிறாள்.

"நான்தாம்மா பேசுறேன்! திறக்காதே! அம்மா, திறக்காதே!"

லைன் விட்டு விட்டு இழுத்தது. கதவுக்கு அப்பால் அவள் குரல் துண்டு துண்டாகப் போய்ச் சேர்ந்தது.

'நான்தாம்மா... திற... அம்மா, திற...'

மிச்சத்தை மழையோ கடலோ எதுவோ விழுங்கிவிட்டது.

"அப்பாடா" என்றாள் அம்மா. "நீயே சொல்லிட்டே."

தாழ்ப்பாள் விழுந்தது.

கதவு திறந்தது. காற்று. மின்விசிறியின் டக் டக்.

"வா வா, உள்ள வா. எத்தனை நாளாச்சு!" அம்மாவின் குரலில் அவ்வளவு சந்தோஷம். "ஏண்டி தலையெல்லாம் சொட்டுது? இங்க மழையே இல்லையே."

அவள் தலையிலிருந்து ஒரு சொட்டு கம்பளத்தில் விழுந்தது.

வாயைத் திறந்தாள். எதைச் சொன்னாலும் அங்கேதான் போகும். அம்மாவின் முகத்துக்கு நேரே. இடது கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

"பேசு பாப்பா. இவ்வளவு நேரம் அந்தக் கத்துக் கத்தினே. எம் மேல கோபமா? போட்டுப் போட்டுத் தொல்லை பண்ணிட்டேனா?"

கண்ணீர் விரல்களின் மேல் வழிந்தது. இல்லம்மா. இல்லம்மா. சத்தம் வரக்கூடாது.

அம்மா அருகே போகிறாள். வளையல் சத்தம். கண் தெரியாதவள் தடவித்தான் பார்ப்பாள்.

"இது என்ன, வாயைப் பொத்திக்கிட்டு? எடு கையை. எடுன்னா."

ஏதோ ஈரமாகப் பிரிந்தது.

டக் டக்.

"பாப்பா..." அம்மாவின் குரல் சின்னதாகிவிட்டது. "கைக்குக் கீழே வாயே இல்லையே?"

அதற்கப்புறம் மின்விசிறி மட்டும். அம்மாவின் இளைப்பு கூட இல்லை. திரையில் அழைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கட்டிலோரத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள், வாயைப் பொத்தியபடி. உள்ளங்கைக்குக் கீழே உதடு தட்டுப்படுகிறதா என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.