யாரும் வரையாத உருவம்

மதியம் மூன்று மணிக்கே அந்தப் பழைய லேப்டாப்பின் விசிறி இரையத் தொடங்கியது. விளையாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. திரையில் இருந்ததெல்லாம் கறுப்புப் பின்னணியும் ‘தொடங்கு’ என்ற ஒற்றைச் சொல்லும்தான். அதைக் காட்டுவதற்கு ஒரு கால்குலேட்டர் போதும். ஆனால் மேசையே அதிர்ந்தது.

ஒலி முகம்மது விசைகளின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். காய்ச்சல்காரன் நெற்றிபோல் கொதித்தது.

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. கீழே பரோட்டாக் கடையில் கல் காயும் வாடை, கொடியில் மூன்று நாளாகக் காயாத சட்டைகளின் புளித்த ஈரவாடை, மேற்கு ஜன்னல் வழியாகக் குற்றாலத்து மலையிலிருந்து நூலாக இறங்கிவந்து கம்பிகளில் சொட்டும் சாரல் என்று எல்லாம் சேர்ந்து அறை பகலிலேயே இருட்டிக்கிடந்தது.

அவனும் இசக்கிராஜாவும் நான்கு வருடமாகக் கட்டிய விளையாட்டு அது. மழைக்காட்டில் வழி தவறிய ஒருவன் அருவியின் தலையைத் தேடி ஏற வேண்டும். விலையுயர்ந்த கம்ப்யூட்டரில் ஓடுவதை எவனும் செய்துவிடுவான், பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பிலும் சிக்காமல் ஓட வேண்டும் என்பது இசக்கிராஜாவின் பிடிவாதம். அவன் வரைவான். ஒலி செதுக்குவான். கண்ணில் படாத இலைகளைக் கழிப்பான், தூரத்து மரங்களைத் தட்டையாக்குவான், பாறையின் முதுகை வெட்டி எறிவான். போன ஐப்பசியில், அருவிச் சத்தத்தைப் பதிவு செய்யக் காட்டுக்குள் ஏறிய இடத்தில், இசக்கிராஜாவை வெள்ளம் அடித்துப் போனது. உடல் கிடைக்கவில்லை. மீதி வேலையை ஒலி தனியாக முடித்தான். நாளைக்கு வெளியீடு. ஐந்து மணிக்கு இசக்கிராஜாவின் தங்கை இசக்கிசெல்வி தன் லேப்டாப்பில் முதல் ஆளாக விளையாடிப் பார்க்க வருகிறாள்.

ஆட்டத்தைத் தொடங்கினான். நொடிக்கு அறுபது படம் ஓட வேண்டியது பத்தொன்பதுக்குச் சரிந்திருந்தது. எதுவோ பாரமாக அழுத்துகிறது. மழையை அணைத்தான். பத்தொன்பது. மரங்களை எடுத்தான். பத்தொன்பது. அருவியையே எடுத்தான். வெறும் பாறைகள் அந்தரத்தில் நின்றன. பத்தொன்பது.

ஆட்டக்காரன் ஒருபோதும் போக முடியாத இடத்துக்கு, குளத்துப் பாறைகளுக்கு அடியில், பார்வையை இறக்கினான்.

அங்கே ஒரு உருவம் குப்புறக் கிடந்தது.

கோப்புகளில் அப்படி ஒன்றும் இல்லை. அவன் வரையவில்லை. இசக்கிராஜாவும் வரையவில்லை. பக்கத்தில் போகப் போக விசிறியின் இரைச்சல் ஏறியது. சட்டையின் தையல் தெரிந்தது, தையலுக்குள் மணல் தெரிந்தது, ஊறி வெளுத்த உள்ளங்கையில் ரேகை ரேகையாகச் சுருங்கிய தோல் தெரிந்தது. அந்த விளையாட்டின் மொத்தக் காட்டிலும் இவ்வளவு நுணுக்கம் கிடையாது. நீலக்கட்டம் போட்ட சட்டை. அன்றைக்கு இசக்கிராஜா போட்டிருந்தது.

அழித்தான்.

அறுபது. அறை அமைதியானது. மறுபடி ஓட்டினான். பத்தொன்பது. இப்போது உருவம் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அழித்தான். ஓட்டினான். நின்றிருந்தது. அழித்தான். பதினோரு தடவை அழித்த பிறகு அது வரவில்லை. ஒலி முகத்தைக் கழுவிக்கொண்டு, சுத்தமான பிரதியைப் பென்டிரைவில் ஏற்றி வைத்தான்.

இசக்கிசெல்வி நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்தாள். பச்சைத் துப்பட்டாவால் தலையைத் துவட்டிக்கொண்டே, பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்துத் திறந்தாள்.

“அம்மா இன்னைக்கும் வாசக்கதவச் சாத்த விடலண்ணே. அவன் வருவான்னே சொல்லுதா.”

ஒலி பென்டிரைவை அதில் செருகினான். ஹெட்போனை எடுத்துக் கொடுத்தான்.

அவள் ஏறினாள். மழை இறங்கியது, இலைகள் ஆடின, எங்கும் சிக்கவில்லை. “எவ்வளவு லேசா ஓடுது! இத அவன் பாக்கணும்ணே” என்றாள். ஒலிக்கு மூச்சு வந்தது. ஒருகணம் பெருமையாகக்கூட இருந்தது.

அருவியை நெருங்கும்போது அவள் விரல்கள் நின்றன.

“யாரோ கூப்பிடுதாங்க.”

“அருவிச் சத்தம்தான், செல்வி.”

“இல்லண்ணே. உங்க பேரச் சொல்லிக் கூப்பிடுது. ‘ஒலி, கையக் குடுலே’ங்குது.” ஹெட்போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “எங்க அண்ணன் குரல்.”

அருவிப் பதிவிலிருந்து அந்தக் குரலை அவனே வெட்டி எறிந்திருந்தான். எட்டு மாதத்துக்கு முன்பு, இதே அறையில், கதவைப் பூட்டிக்கொண்டு. பதினான்கு நொடி.

திரையில் குளத்துக்குள் மார்பளவு நீரில் நீலக்கட்டச் சட்டை நின்றது. முகம் தண்ணீரை நோக்கிக் கவிழ்ந்திருந்தது. ஆட்டம் தானாகத் திரும்பியது. இப்போது காட்சி குளத்துக்குள்ளிருந்து மேலே பார்த்தது. தண்ணீர் கண்ணை மூடி மூடித் திறந்தது. பாறை மேல் ஒருவன் குந்தியிருந்தான். பதிவுக் கருவி நனையாமல் வலது கையை உயரத் தூக்கியிருந்தான். இடது கை முழங்காலில் சும்மா கிடந்தது. கீழே நீண்ட கைக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளிதான். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. முகம் ஒலியின் முகம்.

இசக்கிசெல்வி ஹெட்போனைக் கழற்றினாள்.

“வெள்ளம் வந்தப்ப பேட்டரி எடுக்க பைக்குக்குப் போயிருந்தேம்னு சொன்னிய.”

“செல்வி...”

“போலீஸ்ல சொன்னிய. எங்க அம்மா கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னிய.”

அவன் கதவைப் பார்த்தான். அவள் அவனை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தாள். உருவம் முகத்தை நிமிர்த்தியது. உதடுகளை மீன் தின்றிருந்தது.

“அண்ணே” என்றாள். ஒலியை அல்ல.

கன்னத்தைத் தடவுவதுபோல் திரையில் கையை வைத்தாள். கண்ணாடி குழைந்தது. விரல்கள் போயின. மணிக்கட்டு போனது. உள்ளே எதுவோ பிடித்தது. முழங்கைவரை ஒரே இழுப்பு. மேசை சரிந்தது. அவள் தோள் திரையின் விளிம்பில் இடித்தது. எலும்பு முறியும் சத்தம் கேட்டது.

“ஒலி அண்ணே! பிடிங்க! என்னியப் பிடிங்க!”

இரண்டடி தூரம். அவன் இரண்டு கையும் காலியாகத்தான் இருந்தன.

ஒலி சுவரோடு ஒட்டி நின்றான்.

வாய் திறந்தபடியே அவள் முகம் உள்ளே போனது. கூப்பாடு நடுவில் தண்ணீராயிற்று. கீழே பரோட்டாக் கல்லில் கரண்டிகள் தட்டிக்கொண்டே இருந்தன. யாரும் மேலே வரவில்லை.

அறையில் அவள் இல்லை. பச்சைத் துப்பட்டா மட்டும் பாதி திரைக்குள்ளும் பாதி தரையிலுமாகக் கிடந்தது. ஒலி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அது அசைந்தது. சாண் சாணாக, அவசரமே இல்லாமல், உள்ளேயிருந்து யாரோ அதைச் சுருட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். தரையில் கிடந்த நுனி மட்டும் அவன் கணுக்காலை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.