வால்பக்கத்துக் கதவு

விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கை மார்பு வரை இழுத்துப் பார்த்தபோது, கடைசியில் அது போய் நின்ற விதம் சரியில்லை. வழக்கமாக இரும்பில் இரும்பு மோதி 'டக்' என்று நிற்கும். இன்று சத்தமே இல்லாமல், தலையணையை அமுக்கியதுபோல் மெத்தென்று நின்றது. மறுபடியும் இழுத்தான், டக் என்றது. மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது, பார்சல் மூட்டைகள் ஏறியாகிவிட்டன. கிழட்டு வண்டி, முக்கி முனகத்தான் செய்யும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு விமானி கிளம்பினான்.

தரையை விட்டதுமே வால் கனத்தது. மூக்கு தானாக மேலே போகப் பார்க்க, ஸ்டிக்கை முன்னால் தள்ளியபடியே ஏறினான். இரண்டு என்ஜின்களின் இரைச்சல், சூடேறிய எண்ணெயின் வாடை, எங்கோ ஒரு மூட்டை உரசும் சத்தம், கண்ணாடியில் சரியும் மாலை வெயில். எல்லாம் தினமும் உள்ளவைதான். ஸ்டிக் மட்டும் தினமும் போல் இல்லை. அதில் ஒரு துடிப்பு இருந்தது. காற்றின் அதிர்வு ஒரே சீராக வரும். இது வந்தது, ஓய்ந்தது, அவசரமாக மறுபடி வந்தது. விமானத்தின் நீளம் முழுக்க ஓடி வாலை அசைக்கும் எஃகுக் கம்பிகளின் மறுமுனையை யாரோ பிடித்து உலுக்கினார்கள்.

அப்போதுதான் அந்தக் கதவு ஞாபகத்துக்கு வந்தது.

புறப்படுமுன் சுற்றிவந்து பார்த்தபோது, வால்பக்கத்துச் சின்னக் கதவு திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. கம்பிகளைப் பார்க்க மெக்கானிக் உள்ளே தவழ்ந்து போகும் வழி அது. மெக்கானிக் வேறு யாருமில்லை, தங்கை வீட்டுக்காரர். மாப்பிள்ளைக்கு மறதி முற்றிவிட்டது, சாயங்காலம் வைத்துக் கலாய்க்கலாம் என்று சிரித்துக்கொண்டே அவனே கதவைச் சாத்தித் திருகிவிட்டு வந்தான். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. மெக்கானிக் ஆயிரம் பார்த்திருக்கட்டும், வண்டி பறக்கத் தகுதியானதுதானா என்று கடைசியாகப் பார்த்து உறுதி செய்ய வேண்டியவன் ஓட்டுகிறவன். அது அவன் வேலை. அவன் செய்யவில்லை.

ரேடியோவை அழுத்தினான். "பட்டறையில எங்க மாப்ள இருக்காரான்னு கொஞ்சம் பாருங்களேன்."

நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது. "ஸ்கூட்டர் இங்கதான் நிக்குது சார். ஆளைத்தான் காணோம்."

கதவைச் சாத்தியபோது அவர் வாலுக்குள்தான் இருந்திருக்கிறார். உள்ளே அடுப்பு மாதிரி இருந்திருக்கும். புழுக்கத்தில் மயங்கி, கம்பிகளுக்கு நடுவே சரிந்திருப்பார். இப்போது விழித்திருப்பார். இருட்டில். கழுத்துக்குக் குறுக்கே கம்பியோடு.

விமானத்தைத் திருப்பினான். எழுந்து போய்ப் பார்க்க வழியில்லை; தானாக ஓட்டும் கருவி இதில் கிடையாது, கூட ஒரு ஆளும் கிடையாது. ஓடுபாதை தெரிந்ததும் என்ஜின்களைக் குறைத்தான். இரைச்சல் அடங்கியது.

மூட்டைகளுக்கு அப்பால், வாலை மறைக்கும் தடுப்புத் தகரத்துக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. உள்ளங்கையால் அடிக்கும் சத்தம். பிறகு குரல்.

"மச்சான்... இழுக்காதீங்க மச்சான்..."

"மாப்ள! தலையை வெளிய எடுங்க! எப்படியாவது எடுத்துருங்க!"

"முடியல... அறுக்குது..."

ஸ்டிக்கை ஒரு விரல் அளவு இழுத்தான். அலறல். விட்டான். என்ஜின் வேகம் குறைந்திருந்ததால் மூக்கு கவிழ்ந்தது, தரை மேலே வந்தது. மறுபடி இழுத்தான். அலறல் நடுவில் உடைந்து, நனைந்த கொரகொரப்பாக மாறியது. அடிகள் வேகமெடுத்தன. இழுக்காவிட்டால் மூக்கு தரையில் குத்தும், இரண்டு பேரும் சாவார்கள். இழுத்தால் ஒருவர். தங்கையின் முகம் கண்முன் வந்து நின்றது.

ஓடுபாதையின் விளிம்பு.

புல்.

தார்.

இழுத்தான். வரவில்லை. இரண்டு கைகளாலும், கால்களை உதைத்து, பற்களைக் கடித்து, கத்திக்கொண்டே இழுத்தான். ஏதோ நெறிந்தது. இன்னும் இழுத்தான். சட்டென்று விட்டுக்கொடுத்தது.

அதன்பின் ஸ்டிக் வெண்ணெயாக வழுக்கியது. சக்கரங்கள் தரையைத் தொட்டதே தெரியவில்லை. பின்னால் ஒரு அடிகூட விழவில்லை. அவனுக்குத் தன் மேலேயே குமட்டியது.

என்ஜின்களை நிறுத்தினான். ஆட்கள் ஓடிவந்தார்கள். திருகுகள் கழலும் சத்தம். யாரோ வாந்தியெடுக்கும் சத்தம். அவன் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். பக்கக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது: முதலில் உடலைத் தூக்கிவந்து இறக்கைக்குக் கீழே கிடத்தினார்கள். பிறகு ஒருவர் தன் சட்டையைக் கழற்றி, எதையோ அதில் சுற்றி, இரண்டு கைகளாலும் ஏந்தி வந்து பக்கத்தில் வைத்தார். சட்டை உடனே சிவந்தது.

"வேற யாரும் உள்ள இல்லையே?" என்று ஒரு குரல்.

"இல்ல. டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். காலி."

எல்லோரும் இறக்கைக்குக் கீழே கூடிவிட்டார்கள். வாலருகே ஒருவரும் இல்லை. காற்றும் இல்லை. அவன் ஸ்டிக்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

ஸ்டிக் அசைந்தது.

மெல்ல, அவனை நோக்கி வந்தது. பின்னாலிருந்து யாரோ இழுக்க இழுக்க, வந்துகொண்டே இருந்தது. தள்ளினான். நகரவில்லை. பெல்ட்டைத் தேடினான். கொக்கி கையில் சிக்கவில்லை. நெஞ்செலும்பில் வந்து முட்டிய பிறகும் அது நிற்கவில்லை.